நடுவில் பார்ப்போம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. வேளைக்குச் சாப்பிடு. ஏழு மாத வயிற்றோடு விழுந்து விழுந்து அழாதே. அப்பா இன்னும் கிடைக்கவில்லை. காட்டு நுழைவாயிலில் டிக்கெட் கொடுக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே போனில் சிக்னல் இல்லை. டிக்கெட் கொடுக்கும் பெண் மதியம் ஊருக்குள் போகும்போது இந்தத் தாள்களைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அப்பாவைத் தேடி மேலே போயிருப்பவர்கள் திரும்பி வருவதற்குள் அதை எழுதிவிட வேண்டும். நல்ல செய்தி வந்துவிட்டால் எனக்கு மறைக்கத் தோன்றும். மற்றது வந்தால் சொல்லத் தெம்பு இருக்காது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை நடையைப் பற்றி உனக்குத் தெரியும். பாதை ஒரு வட்டம். நான் இடது பக்கமாகப் போவேன், அப்பா வலது பக்கமாகப் போவார். வாழ்நாள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனிதர், படியைக் கண்டால் பழிதீர்ப்பது போல ஏறுவார். என் முழங்காலுக்கு அந்த வேகம் ஒத்துவராது. சேர்ந்து நடந்தால் அவர் உச்சுக் கொட்டுவார், நான் முணுமுணுப்பேன். அதனால்தான் இந்த ஏற்பாடு. என் வழியில் சின்ன அருவி, அவர் வழியில் அகல அருவி, இரண்டுக்கும் நடுவே பெரிய அருவி. அங்கே சாரல் படாத ஒரு பாறை இடுக்கில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஆரஞ்சு தின்போம். பிறகு அவரவர் வழியில் சுற்றை முடித்து வாசலில் சேர்ந்துகொள்வோம். 'ரெண்டு பேருக்கும் கிறுக்கு' என்று நீ சிரிப்பாய்.

சனிக்கிழமை உன் குழந்தைக்கு ஏழாவது சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். சின்ன பட்டன் தீர்ந்துவிட்டது. அப்பாவின் பழைய சட்டையிலிருந்து பிரிக்கலாம் என்று எடுத்தேன். பையில் மாத்திரை அட்டைகள். தலைசுற்றலுக்குப் போனபோது இதய டாக்டர் எழுதிக் கொடுத்தவை. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டு 'போட்டாச்சு' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று வாயைத் திறக்கவில்லை. மறுநாள் இதே வாசலில், பதிவேட்டில் அவர் பெயர் எழுதிக்கொண்டிருக்கும்போது வெடித்துவிட்டேன். டிக்கெட் வாங்க நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். 'உங்க வழியில போங்க, இனி என் மூஞ்சியில முழிக்காதீங்க' என்றேன். அவர் கோபப்படவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, 'சரி, நடுவுல பார்ப்போம்' என்றார். ஒவ்வொரு வாரமும் சொல்வதுதான்.

நான் நடுவுக்குப் போகவில்லை.

சின்ன அருவி வரைதான் போனேன். ஒரு நாளாவது இந்த மனிதர் காத்திருக்கட்டும், கொஞ்சம் பதறட்டும் என்று தோன்றியது. வந்த வழியே திரும்பிவிட்டேன். வாசலுக்கு வெளியே பஸ் நிழற்குடையில், அவர் கண்ணில் படாதபடி தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணிக்குள் மூச்சு வாங்க ஓடி வருவார், நானும் நன்றாக நாலு கேட்கலாம் என்று மனசுக்குள் ஒத்திகை வேறு பார்த்தேன். இரண்டு மணி வரை வரவில்லை.

வனக்காவலரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, 'நீங்க முழுச் சுத்தும் வந்தீங்களாம்மா?' புருஷனைக் காட்டுக்குள் காக்க வைத்துவிட்டு நிழற்குடையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன் என்று எப்படிச் சொல்வது? எப்படியும் அரை மணியில் வந்துவிடுவார் என்று நினைத்து 'வந்தேன்' என்றேன். பதிவேட்டில் திரும்பிய நேரம் பன்னிரண்டு என்று என் கையாலேயே எழுதினேன். அதே பொய்யைத்தான் உனக்கும் சொன்னேன்.

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் தேடினார்கள். சுற்றி வந்த நான் அவரை எங்கேயும் பார்க்கவில்லை, அதனால் பெரிய அருவிக்கு வருவதற்கு முன்பே அவர் பக்கத்தில் எங்கோ பாதை தவறியிருக்கிறார் என்று முடிவு செய்தார்கள். ஞாயிறும் திங்களும் வலது பக்கத்துச் சரிவு முழுக்க மழையில் அலசினார்கள். ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. வனக்காவலர் மட்டும், 'எதிரெதிரா நடக்கிறவங்க பார்க்காம போக முடியாதேம்மா' என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இன்று காலை பெரிய அருவியிலிருந்து இறங்கி வந்த ஒருவர் ஒரு கைக்குட்டையை நீட்டினார். நான் ஓரம் அடித்துக் கொடுத்த நீலக் கைக்குட்டை. எங்கள் பாறை இடுக்கில் இருந்ததாம். உள்ளே ஒரு ஆரஞ்சு. உரித்து, நாரெல்லாம் எடுத்து, சுளை சுளையாகப் பிரித்து வைத்திருந்தார். எறும்பு மொய்த்திருந்தது. அவ்வளவு பேசிய பிறகும் எனக்காக உரித்து வைத்திருக்கிறார், கண்ணு. வெகுநேரம் காத்திருந்துவிட்டு, எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து என்னைத் தேடித்தான் கிளம்பியிருப்பார். அப்படியென்றால் என் பக்கம். பெரிய அருவிக்கும் சின்ன அருவிக்கும் நடுவே, நான் நடந்ததாகச் சொல்லி யாரையும் தேட விடாத அந்த வழியில்.

அங்கேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆறு பேர் கயிறும் ஸ்ட்ரெச்சரும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நானும் வருகிறேன் என்று கெஞ்சினேன். உங்களையும் தூக்கிக்கொண்டு வர ஆள் இல்லை என்று இங்கே உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் ஆகிறது. மேலே எங்கோ விசில் கேட்கிறது, நிற்கிறது, மறுபடி கேட்கிறது. என்ன அர்த்தம் என்று டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் கேட்டேன். தெரியாது என்கிறாள். தெரிந்தும் சொல்லவில்லையோ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு ராத்திரி. மழை. மாத்திரை போடாத இதயம். என் மேல் கோபம் வந்தால் அடக்காதே. என்னோடு பேசப் பிடிக்காவிட்டாலும் போனை மட்டும் எடு. உன் மூச்சுச் சத்தம் கேட்டால் போதும். தைத்த ஆறு சட்டைகளும் பீரோவில் மேல்தட்டில் இருக்கின்றன. ஏழாவதற்கு இன்னும் பட்டன் வைக்கவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது இருக்க வேண்டும். சண்டை போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. போடுங்கள், ஒரே பக்கமாக நடந்துகொண்டே போடுங்கள்.

பதிவேடு என் முன்னால் திறந்திருக்கிறது. நான் எழுதிய பன்னிரண்டை அடித்துவிட்டு ஒன்பது என்று திருத்திவிட்டேன். அதற்கு மேல் வரியில் அப்பாவின் கையெழுத்து. உள்ளே போன நேரம் ஏழு, அந்த ஏழின் நடுவே அவர் வழக்கமாகப் போடும் குறுக்குக் கோடு. திரும்பிய நேரம் காலியாக இருக்கிறது. அந்தக் கட்டத்தில் அவர் கையாலேயே எழுத வேண்டும் என்று நீ வேண்டிக்கொள், கண்ணு. நான் கேட்டால் யாருக்கும் காது கேட்குமா என்று தெரியவில்லை.

உன்
அம்மா