குளம்புச் சூடு

2 அக்., வியாழன்
காலையிலிருந்தே புழுக்கம். கொட்டகை கழுவல். நேற்று ஆயுத பூஜைக்கு அண்ணன் செல்வம் தன் ஆட்டோவோடு எங்கள் பெண்குதிரை ராணிக்கும் பொட்டு வைத்து மாலை போட்டிருக்கிறான். அதோடு விட்டானா? பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், ஒரு குண்டான் சர்க்கரைப் பொங்கல். நான் நாத்தனார் வீட்டில் இருந்தேன். சேலையூரில் எங்கள் தெருவே வரிசையில் நின்று ஊட்டியதாம். கேட்டால், "அதுவும் வண்டிதானம்மா? நமக்கு சோறு போடுது இல்ல?" வண்டி டாங்கில் எவனாவது பொங்கலைப் போடுவானா? முட்டாள்.

மாலை: ராணிக்கு லத்தி தண்ணீராகப் போகிறது.

3 அக்., வெள்ளி
ராணி நகரவில்லை. முன்னங்கால் இரண்டையும் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னால் போட்டு நிற்கிறாள். திருப்பினால் நடுக்கம். குளம்பு தொட்டால் சுடுகிறது. அதற்கு மேலே நாடி திம் திம் என்று.

அண்ணன்: "முள்ளு குத்திகீது. ரெண்டு ரவுண்டு இஸ்துகினு போ, சரியாப்பூடும்."

டாக்டரம்மா வந்தார். வயிற்றில் பொங்கலும் வெல்லமும் புளித்து விஷமாகி ரத்தத்தில் ஏறிவிட்டதாம். குளம்புக்குள் எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் சதை வீங்கிப் பிரியும், பிடி விட்டால் எலும்பு கீழே இறங்கும். "நடக்கவே விடாதீங்க. வலி ஊசி போட்டா நல்லா நிக்கும், அதை நம்பிடாதீங்க. நடந்தா எலும்பு அடியைக் கிழிச்சிட்டு வந்துடும்." அண்ணனும் பக்கத்தில்தான் நின்றான். தலையாட்டினான். பூம்பூம் மாடு.

வாங்க: ஐஸ் பார் (மீன் மார்க்கெட்), மணல் (காலுக்கடியில் மெத்தென்று போட), காய்ந்த புல். தானியம் கூடவே கூடாது.

4 அக்., சனி
பகல் முழுக்க அவள் காலை ஐஸ் தொட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் விரல் மரத்துவிட்டது. தோளில் தாடையைச் சாய்த்துக்கொண்டாள். பாவம்டி நீ. சாயந்திரம் ஊசி வேலை செய்தது, கொஞ்சம் புல் தின்றாள்.

அண்ணன் போனில்: "நாளைக்கா? கண்டிப்பா சார். குதிரை ஷோக்கா கீது." மேடவாக்கம் அபார்ட்மெண்டில் ஒரு பையனுக்குப் பிறந்தநாள். ராஜா வேஷத்தில் குதிரைமேல் வர வேண்டுமாம். கொன்னுடுவேன் என்றேன். "சும்மா சொன்னேம்மா" என்றான்.

5 அக்., ஞாயிறு
மருந்து வாங்கப் பெருங்களத்தூர் போனேன். லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பும் கூட்டம், ஜி.எஸ்.டி. ரோடு அசையவில்லை. வீடு வந்தால் கொட்டகை காலி.

மேடவாக்கம் ஓடினேன். அபார்ட்மெண்ட் வாசலில், தார் ரோட்டில், ஜரிகைத் துணியோடு படுத்துக் கிடக்கிறாள். பின்னால் தண்ணி லாரி ஹாரன். ஒரு அம்மா: "வழியை மறிக்குதுங்க, சீக்கிரம் எடுங்க." செல்போனில் படம் பிடிக்க நாலு பேர். தூ.

அண்ணன்: "நல்லாத்தாம்மா நடந்துச்சு. திடீர்னு உக்காந்துடுச்சு."

எல்லார் முன்னாலும் அறைந்தேன். வண்டி பிடித்து அவளைத் தூக்கி ஏற்றி வந்தோம்.

6 அக்., திங்கள்
தூறல். டாக்டரம்மா குளம்பைத் தூக்கிக் காட்டினார். அடியில் எலும்பு நுனி. இனி வைத்தியம் இல்லை, கடைசி ஊசிதான். சரி என்றேன். மருந்து எடுக்கப் போயிருக்கிறார்.

அண்ணன் வெளியே நின்று கொட்டகைக் கதவைத் தட்டுகிறான். "ஒரு தபா பாத்துக்கறேம்மா. நானும்தானே வளர்த்தேன்." நிஜமாகவே அழுகிறான். வளர்த்தவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. திறக்கவும் இல்லை. "ராணி, ராணி" என்று கூப்பிட ஆரம்பித்தான்.

வாயை மூடு என்று கத்தினேன். உன் குரல் கேட்டு எழுந்திருக்கப் பார்க்கிறாள்டா.