வீரகத்திக்கு ஒரு நாலு மணி

கிளிநொச்சி
நவம்பர், வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகள் தர்மிளாவுக்கு,

நானும் அப்பாவும் தங்கச்சியும் மாடும் சுகம், நோர்வேக் குளிரில் நீயும் சுகமாயிருக்கப் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை சொன்னது அம்மா. அதற்குள் அம்மாவைப் பார்க்க ஆள் வந்துவிட்டது, மிச்சத்தை நீ எழுது என்று பேனையை என்னிடம் தந்துவிட்டுப் போனது அவாவின் பிழை. இனி வரும் 'நான்' எல்லாம் உன் தங்கை சுதர்சினி.

அம்மா முன்னறையில், மனக்கவலையோடு வருபவர்களுக்கு ஆற்றுப்படுத்தல் நிலையம் தொடங்கி இரண்டு மாதம். அவா ஆற்றுப்படுத்துகிறா, நான் வரிசைப்படுத்துகிறேன். அவா மனதைத் திறக்கிறா, நான் படலையைத் திறக்கிறேன். முள்ளியவளைக்காரர் இங்கே வருகிறார்கள், எங்கள் தெருக்காரர் வவுனியாவுக்குப் போகிறார்கள், தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதாம். மணி சொன்னால் ஒருவரும் கேட்பதில்லை, முல்லைத்தீவு பஸ் வந்தவுடனே என்பார்கள், பஸ் பிந்தினால் என் பதிவுப் புத்தகமே பிந்தும். நினைவூட்டல் மெசேஜில் பெயரோ விஷயமோ இருக்கக்கூடாது, வீட்டில் வேறு யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அம்மா சொன்னதால் 'நாளை நாலு மணி, உங்கள் கதிரை தயார்' என்று மட்டும் அனுப்புகிறேன். ஒருவருடைய மனைவி புதுக்கதிரை வருகிறதென்று விறாந்தையைக் கூட்டி வைத்தாவாம்.

நீ போன தடவை கேட்டாய், போன் எடுத்தால் அப்பா ஏன் ஒரு சொல்லோடு அம்மாட்டைக் குடுக்கிறன் என்று போய்விடுகிறார், நீ வெளிநாடு போனது கோபமோ என்று. பதில் சென்ற செவ்வாய்க்கிழமை தானாக வந்தது. நிலையத்துப் போன் அடித்தது. கரகரத்த குரலில் ஒருவர், பெயர் வீரகத்தி, ஊர் முரசுமோட்டை, ஒரு நேரம் வேணும் பிள்ளை என்றார். அந்த நேரம் பார்த்து மாடு கத்தியது, போனுக்குள்ளும் கத்தியது, யன்னலுக்கு வெளியிலும் கத்தியது. எட்டிப் பார்த்தால் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் அப்பா, காதில் போன், வாயைப் பொத்தித் துவாய்.

விடுவேனா. வழக்கமாகப் பெயரும் நேரமும்தான் கேட்பேன், படிவத்தை வந்தவர்களே நிரப்பி மடித்துக் கொடுப்பார்கள். வீரகத்தி ஐயாவிடம் மட்டும் முழுப் படிவத்தையும் கேட்டேன். வயது கேட்டேன், மூன்று குறைத்துச் சொன்னார். நித்திரை வருதோ ஐயா என்றேன், மத்தியானத்திலை வரும் என்றார். கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுதினேன். இது எப்ப தொடங்கினது ஐயா என்று கேட்டேன். ஓகஸ்ட் பன்னிரண்டு என்றார். உன் பிளேன் ஏறிய நாள் அக்கா. வீட்டிலை ஆரிட்டையும் சொன்னனீங்களோ என்றேன். சொன்னால் சிரிப்பாள் என்றார். ஆர் என்றேன். சின்னவள் என்றார்.

வியாழன் நாலு மணி என்று பதிந்துவிட்டுப் போனை வைத்தேன். நான் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை, அது என் சாதனை.

வியாழன் அப்பா தலை தோய்ந்து, சேட்டு மாற்றி, பொது வாசலால் வந்து கதிரையில் இருந்தார். நானும் வாங்கோ வீரகத்தி ஐயா என்றேன். அம்மா கதவைத் திறந்து பார்த்தா, படிவத்தை வாசித்தா, சிரிக்கவில்லை. சொந்தக்காரரை நான் பார்க்கக்கூடாது, அது எங்கடை சட்டம், வேறை ஆளிட்டை அனுப்புறன் என்றா. வவுனியாவுக்கோ என்று அப்பா முறைத்தார். அம்மா துண்டில் எழுதிக் கொடுத்தது உன் பெயரை. நான் இதையெல்லாம் உனக்கு எழுதலாமென்று அப்பாவிடம் சம்மதக் கையெழுத்தும் வாங்கியாயிற்று, இம்முறை தன் சொந்தப் பெயர் தில்லைநாதன் என்றே வைத்தார்.

அம்மா இப்போது வந்து வாசித்துவிட்டுச் சொல்லச் சொன்னவை: அப்பாவுக்குக் கோபமில்லை, உன் குரல் கேட்டால் அழுதுவிடுவாரென்று பயம், அவ்வளவுதான். அம்மாட்டைக் குடுக்கிறன் என்பார், விடாதே. என்ன சாப்பிட்டாய் என்று அவர் கேட்கும்வரை பொறு. வடிவாக உடுத்து, நேரத்துக்குப் படுத்து, நோய்நொடி இல்லாமல் நீ நன்றாயிருக்க வேண்டும் பிள்ளை.

நினைவூட்டல்: ஞாயிறு நாலு மணி, உனக்குப் பகல் பதினொன்றரை. அந்த ஒரு மணி நேரம் அப்பாவைப் போனோடு விட்டுவிட்டு நானும் அம்மாவும் கொட்டிலில் இருப்போம், புத்தகத்தில் பதிந்தாயிற்று. உன் கதிரை தயார்.

இப்படிக்கு,
அம்மா அருந்ததி
(கையெழுத்து அவா, கைவரிசை சுதர்சினி)