என் புள்ளியை யாரும் பார்க்க வேண்டாம்

மார்ச் 3, ஞாயிறு
மகள் வந்து என் கைபேசியில் நாலு செயலிகளை ஏற்றிவிட்டுப் போனாள். காற்று எந்தப் பக்கம் வீசும் என்று சொல்ல ஒன்று. ஏரியில் எங்கே ஆழம், எங்கே பாறை என்று காட்ட ஒன்று. நங்கூரம் இழுபட்டுப் படகு நகர்ந்தால் கத்த ஒன்று. நாலாவது, நான் எங்கே இருக்கிறேன் என்று அவளுக்குக் காட்டிக்கொடுக்க. வரைபடத்தில் நான் ஒரு சிவப்புப் புள்ளியாம்.

"இது இருந்தாதான் நீ தனியா போகலாம்" என்றாள். என் ஓய்வுப் பணத்தில் நான் வாங்கிய பாய்மரப் படகுக்கு இவள் அனுமதி!

மார்ச் 5, செவ்வாய்
முதல் மூன்றும் தங்கம். மதியத்துக்கு மேல் காற்று திரும்பும் என்றது, திரும்பியது. ஆழத்தைப் பார்த்துப் பார்த்து, அடி உரசாமல் ஏரி நடுவிலிருக்கும் தீவின் பின்பக்கம் வரை போய்விட்டேன். அங்கே நங்கூரம் போட்டுக் கண்ணயர்ந்தபோது கைபேசி ஊரைக் கூட்டியது. படகு பாறைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

நாலாவதுதான் உயிரை எடுக்கிறது. "ஏம்மா நின்னுட்டே?" சாப்பிடுறேன்டீ. "ஏம்மா திரும்பிட்டே?" வீட்டுக்கு வர வேண்டாமா? பள்ளிப் பேருந்தில் நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கொட்டும் மழையில் ஓட்டினேனே, அப்போது யார் என் புள்ளியைப் பார்த்தார்கள்?

மார்ச் 10, ஞாயிறு
எழுதவே வரல. அவ்வளவு கோபம்.

இன்று ஏரியிலிருந்து திரும்பும்போது நேர் எதிர்க்காற்று. அதை எதிர்த்துப் பாய்மரப் படகு நேராகப் போகாது. இடப்பக்கம் கொஞ்சம், பாயை மாற்றி வலப்பக்கம் கொஞ்சம், இப்படி வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும். நன்றாக ஏறிக்கொண்டிருந்தேன். மகள் வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். புள்ளி கோணல்மாணலாகப் போகிறது, அழைத்தால் நான் எடுக்கவில்லை. இரண்டு கையிலும் கயிறு, எதால எடுக்க? அம்மா மயங்கி விழுந்துவிட்டாள் என்று மீட்புப் படகைக் கூப்பிட்டுவிட்டாள்.

சைரன் போட்டுக்கொண்டு வந்தார்கள். என் படகை இழுத்துக்கொண்டு போனார்கள். படகுத்துறை முழுக்க வேடிக்கை. ஒருவன் என்மேல் போர்வையைப் போர்த்தினான். வியர்வையில் நனைஞ்சு நிக்கிறேன், போர்வையாம்!

மார்ச் 11, திங்கள்
படகுத்துறைச் சங்கச் செயலாளர் அழைத்தார். "வயசாயிடுச்சும்மா. இனிமே துணை இல்லாம உங்கள விட முடியாது." மகள், "வித்துடும்மா" என்கிறாள். தண்ணீர் என்றாலே பயந்து சாகும் என் வீட்டுக்காரர்கூட, "கொஞ்ச நாள் சும்மா இரேன்" என்கிறார்.

சும்மாவா? நானா?

மார்ச் 13, புதன்
செயலாளரின் அறைக்குப் போனேன். ஆழம் காட்டும் செயலி நான் போன தடத்தையும் சேர்த்து வைத்திருக்கிறது. அதைத் திறந்து அவர் மேசையில் வைத்தேன். பக்கத்தில் காற்றுச் செயலி, அதே நேரத்துக்கு. "இதுல நான் எங்க தடுமாறினேன்? விரல வச்சுக் காட்டுங்க."

பெரிதாக்கிப் பார்த்தார். சின்னதாக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "சரியாத்தான் ஏறியிருக்கீங்க" என்று முனகினார்.

"அப்ப நான் தனியா போகலாம்."

"போங்கம்மா."

வீட்டுக்கு வந்ததும் நாலாவது செயலியை அழித்தேன். மகளிடமும் சொன்னேன். "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்?" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவள் பயம் பொய்யில்லை. அதற்காக நான் கரையில் உட்கார முடியுமா? செயலியைத் திரும்ப ஏற்றவில்லை.

மார்ச் 15, வெள்ளி
அவள் இன்னும் பேசவில்லை. நானும் அசையவில்லை.

மார்ச் 17, ஞாயிறு
போனேன். தனியாக. உயிர்காப்பு அங்கி போட்டு, கைபேசிக்கு முழு சார்ஜ் ஏற்றி, எப்போது திரும்புவேன் என்று துறையில் சொல்லிவிட்டு. நான் பிடிவாதக்காரி, பைத்தியக்காரி இல்லை. சாயங்காலம் காற்று வலுக்கும் என்று செயலி சொன்னதால் அதற்கு முன்பே கரைக்குத் திரும்பக் கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் எதிர்க்காற்று. வெட்டி வெட்டி ஏறினேன்.

துறையில் மகள் நின்றுகொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. கயிற்றை வீசினேன், பிடித்துக் கட்டினாள். தப்பான முடிச்சு. நான் வாயைத் திறக்கவில்லை.

அவள்கூடவே கார் வரை நடந்தேன். கதவைத் திறந்தவள் உள்ளே ஏறாமல் நின்றாள்.

"அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கும்மா கிளம்புறே?"

"காத்தப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.