சித்தியின் ‘ழ’

ஜனவரி 9

பள்ளி மலர் இனி அச்சில் வராது. “போன வருஷத்து மலர் பாதிக்கு மேல கட்டுக்கூடப் பிரிக்காம மாடிப்படிக்குக் கீழ கிடக்கு” என்று தலைமை ஆசிரியை சொன்னார். நான் எழுந்து, இணையத்தில் வெளியிடலாமே என்றேன். யார் செய்வது என்று கேட்டார். நான் என்றேன். என் வாய் என்னிடம் அனுமதி கேட்பதே இல்லை. பருவம் முடியும்வரை நேரம் கொடுத்திருக்கிறார். யாரும் படிக்காவிட்டால் அதையும் மூடிவிடுவாராம்.

பக்கத்தில் உட்காரும் வானொலி (ஓயாமல் பேசுவதால் வகுப்பே வைத்த பெயர்) என் காதில், “ஏய் அகராதி, உனக்கு வெப்சைட் செய்யத் தெரியுமா?” என்றாள்.

எதைக் கேட்டாலும் தெரியும் என்பதால் வகுப்பு எனக்கு வைத்த பெயர் அது. இதற்கும் தெரியும் என்றேன். தெரியாது. சித்திக்குத் தெரியும்.

ஜனவரி 10

சித்தி அம்மாவின் தங்கை. என் அறையில் பாதி அவளுடையது. பகல் முழுவதும் ஜன்னலோர மேசையில் (நான் எத்தனை முறை கேட்டும் தராத மேசை) உட்கார்ந்து ஓட்டல்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும் இணையதளம் வடிவமைக்கிறாள். “பொத்தானப் பெருசாக்குங்க, இன்னும் பெருசாக்குங்க. என் கல்லறையிலயும் ஒரு பெரிய பொத்தான் இருக்கும் பாரு” என்பாள்.

ஆனால் அவளுக்கு வேறொரு வேலையும் உண்டு. மூன்று வருடமாக ஒரு தமிழ் எழுத்துரு வரைகிறாள். ‘ங’ வரிசையில் யாருமே எழுதாத எழுத்துகளையும் விடவில்லை. யாருக்கு அது என்று கேட்டால், “என்னைக்காவது ஒருத்தருக்கு வேணும்னா?” என்கிறாள். அவளுடைய ‘ழ’வைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வால் கீழே இறங்கி, ஏதோ நினைவு வந்ததுபோல் கொஞ்சம் திரும்பிப் பார்க்கும்.

இதுவரை அதை யாரும் வாங்கவில்லை. இப்போது ஒரு செய்தி நிறுவனம் தன் தளத்துக்குப் புது எழுத்துரு தேடுகிறது. ஒரே நிபந்தனை: அந்த எழுத்தில் மக்கள் உண்மையாகவே படிக்கும் பக்கம் ஒன்றைக் காட்ட வேண்டும். அப்படி ஒரு பக்கம் சித்தியிடம் இல்லை.

இனி இருக்கும். பள்ளி மலர்!

ஜனவரி 24

சித்தி தன் பழைய மடிக்கணினியை எனக்குக் கொடுத்துவிட்டாள். அவள் எழுத்தெல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கிறது.

வரி இடைவெளிக்கே மூன்று நாள் போயிற்று. நெருக்கி வைத்தால் மேல் வரியின் ‘ழு’ கீழ் வரியின் ‘கீ’யை இடிக்கிறது. தள்ளி வைத்தால் வரிகள் சண்டை போட்டுக்கொண்டவர்கள்போல் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. “படிக்கிறவங்களுக்கு எழுத்து கண்ணுல படவே கூடாதுடி. கதைதான் படணும்” என்றாள் சித்தி. பிறகு எதற்கு மூன்று வருடம் வரைந்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 6

மலரை இணையத்தில் ஏற்றிவிட்டேன். அழகு! சித்தி தன் கணினியில் திறந்து பார்த்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்: “எழுத்துக் கோப்பையும் சேர்த்து ஏத்திட்டியா?”

“ஏத்தியாச்சு” என்றேன்.

பிப்ரவரி 7

61 பேர் படித்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 20

412! சித்தி இன்று அந்த நிறுவனத்துக்கு இணைப்பை அனுப்பினாள். அனுப்பும் பொத்தானை என்னைத்தான் அழுத்தச் சொன்னாள்.

எழுத்து எப்படி இருக்கிறது என்று வானொலியிடம் கேட்டேன். “எழுத்தா? எப்பவும் போலத்தான் இருக்கு. உன் கவிதைதான் நீளம்.” ரசனை இல்லாத ஜென்மம்.

மார்ச் 3

பதில் வந்துவிட்டது. அதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்: ‘நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பார்த்தோம். வழக்கமாகக் கணினிகளில் காணும் எழுத்திலிருந்து இதில் வேறுபாடு எதையும் எங்களால் காண முடியவில்லை.’

சித்தி இரண்டு முறை படித்தாள். அழுதிருந்தால் பரவாயில்லை. ஓட்டல்காரருக்குப் பொத்தானைப் பெரிதாக்க உட்கார்ந்துவிட்டாள்.

மார்ச் 5

அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “நல்லா இல்லன்னு சொல்லியிருந்தாக்கூடப் பொறுத்துக்கிட்டிருப்பேன்க்கா. வித்தியாசமே தெரியலையாம். அப்போ மூணு வருஷமா நான் என்னத்தப் பார்த்துக்கிட்டு இருந்தேன்?”

அம்மா அவளுக்குக் காபி ஆற்றிக் கொடுத்தாள்.

மார்ச் 11

எப்படி எழுதுவது?

இன்று கணினி வகுப்பில் மலரைத் திறந்தேன். பள்ளிக் கணினியில் திறந்தது இதுதான் முதல் தடவை. சித்தியின் எழுத்து இல்லை. எங்கும் பார்க்கிற அந்தச் சாதாரண எழுத்து. ‘ழ’வின் வால் கட்டையாக நிற்கிறது. அடுத்த கணினியில் திறந்தேன். வானொலியின் கணினியில் திறந்தேன். எதிலுமே இல்லை.

ஆசிரியரிடம் கேட்டேன். எழுத்துக் கோப்பைப் பக்கத்தோடு சேர்த்து ஏற்றினால்தான் மற்றவர்களுக்குத் தெரியுமாம். இல்லாவிட்டால், அந்த எழுத்து ஏற்கெனவே இருக்கும் கணினியில் மட்டும்தான் தெரியுமாம்.

அப்படிப்பட்ட கணினி உலகத்திலேயே இரண்டுதான். ஒன்று சித்தியுடையது. இன்னொன்று என்னுடையது.

அன்றைக்கு அவள் கேட்டாளே — ஏத்திட்டியான்னு! எனக்கு அது என்னன்னே தெரியாது. கண்ணு முன்னாடி எழுத்து இருக்கே, இனி எதை ஏத்தணும்னு நினைச்சேன். என்ன சித்தி அதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். கேட்கக் கூச்சம். அகராதியாச்சே, தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?

412 பேர். ஒருத்தர்கூடப் பார்க்கல. அந்த நிறுவனமும் பார்க்கல.

மார்ச் 12

சொல்லிவிட்டேன்.

“கேட்டேன்ல? அன்னைக்கே கேட்டேன்ல?”

“கேட்ட சித்தி.”

“ஏத்தியாச்சுன்னு சொன்னியே!”

“சொன்னேன்.”

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!” என்று கத்தினாள். அம்மா வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனாள். சித்தி திட்டியது வலிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நானாவது ஒரு தடவை வேற போன்ல திறந்து பார்த்திருக்கணும். இந்தத் தொழில்லயே இருக்கேன், எனக்கு அறிவு வேணாம்?” என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அதுதான் வலித்தது.

கோப்பை ஏற்றினேன். இரண்டு நிமிட வேலை.

மார்ச் 15

நடந்ததைச் சொல்லி சித்தி மறுபடி அவர்களுக்கு எழுதியிருந்தாள். பதில்: தேர்வு முடிந்துவிட்டது, நன்றி.

மார்ச் 16 

சித்தி என்னிடம் பேசவில்லை.

மார்ச் 18

“பேனா இருக்கா?” என்றாள். கொடுத்தேன். அதோடு சரி.

மார்ச் 29

சித்தி ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஓட்டல் அறைகளைப் பதிவுசெய்யும் தளம் நடத்துகிறார்களாம். காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வருகிறாள். அவள் கணினியை அலமாரிக்கு மேல் வைத்து, அதன்மீது ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டாள். ஜன்னலோர மேசையை நீயே வைத்துக்கொள் என்றாள். கேட்டது கிடைத்தால் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 4

மாத இறுதியில் மலர்ப் பக்கத்தை மூடுகிறார்கள். முதல் இரண்டு வாரத்துக்குப் பிறகு யாரும் வரவில்லை. நான் வாதாடவில்லை. “என்ன அகராதி, பக்கம் தீர்ந்துபோச்சா?” என்றாள் வானொலி. அவள் தண்ணீர்ப் புட்டியை வாங்கி முழுவதையும் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

கணினி ஆசிரியர் புதிதாக ஒன்றை விளக்கிவிட்டு, “எல்லாருக்கும் புரிஞ்சுதா?” என்றார். “புரிஞ்சுது சார்” என்று வகுப்பே கூவியது. எனக்குப் புரியவில்லை. கையைத் தூக்கினேன். அவருக்குக் கொஞ்சம் எரிச்சல்.

ஏப்ரல் 9

கணினி வகுப்பில் மலரைத் திறந்தேன். இப்போது எல்லாக் கணினியிலும் சித்தியின் எழுத்துதான். யாரும் படிக்காத பக்கத்தில் அத்தனை ‘ழ’வும் திரும்பிப் பார்த்தபடி நிற்கின்றன.

நேற்றைய வருகை: 1.

நேற்று நான் திறக்கவே இல்லை.

மாலையில் சித்தி வந்தாள். பையைக் கட்டிலில் போட்டாள். காலணியைக் கழற்றியபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “அந்த ‘ழ’வோட வால் கொஞ்சம் நீளமாத்தான் போச்சுடி. குறைச்சிருக்கணும்.”

“எனக்கு அப்படித்தான் பிடிச்சிருக்கு” என்றேன்.

அவள் முகம் கழுவப் போனாள். துண்டை எடுத்துக் கொடுக்கலாம் என்று தேடினேன். அது அலமாரிக்கு மேல், கணினியை மூடியபடியேதான் இருந்தது.