மேசையின் மூன்றாம் பலகை

நவம்பர் 5, 1994 - சனி

காலையிலேயே பண்ணைச் சாலையோரம் வண்டியை நிறுத்திக் கொடி வெட்டினேன். முள்வேலியில் படர்ந்து கிடக்கிறது. மஞ்சள் தோல் வெடித்து உள்ளே செந்நிறக் காய். நன்றி நாள் விருந்து மேசைக்கு இதைவிட நல்லதை எந்தக் கடையும் விற்காது. இரண்டு கையிலும் கீறல். திங்கட்கிழமை நான் ஓட்டும் பள்ளி பஸ்ஸில் ஏறும் பிள்ளைகள், பூனையோடு சண்டை போட்டீர்களா என்று கேட்கும். பூனை இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் மார்லா போன் செய்தாள். தம்பி பெண்டாட்டி போன் செய்தால் நவம்பர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

"வெர்னா, இந்த வருஷம் மடக்கு மேசை போடலை. ஹெய்டிக்குப் பதினாலு வயசாச்சு, சின்னப் பிள்ளைங்க மேசைல உக்கார மாட்டேங்குறா. பெரியவ கிர்ஸ்டன் கட்டிக்கப் போற பையனும் வர்றான். எல்லாரும் பெரிய மேசைலயே."

நல்லது என்றேன். பிறகு அவள் ஒவ்வொருவராகச் சொன்னாள். அவர்கள் குடும்பம் ஐந்து, அந்தப் பையன், அவளுடைய அப்பா அம்மா, அண்ணன், அண்ணி. பத்துப் பேர். அந்த மேசைக்குப் பத்து நாற்காலிதான்.

"நீங்க எப்படியும் எந்திரிச்சு எந்திரிச்சு ஓடுவீங்கள்ல? அடுப்படி மேடை பக்கமா ஒரு உயர ஸ்டூல் போட்டுடறேன். அங்கேருந்தே எல்லாம் தெரியும்."

"ம்" என்றேன்.

"ஆனா புதன்கிழமை வந்து மேசைய அலங்காரம் பண்ணிடுங்க. உங்க கை மாதிரி வராது."

போனை வைத்த பிறகு கொடியைத் தண்ணீரில் போட்டேன். அது தண்ணீரில் போடக் கூடாத கொடி, உலர வேண்டும். மறுபடி எடுத்துத் தொங்கவிட்டேன்.

நவம்பர் 9 - புதன்

சந்தைக்காரி குட்டிப் பூசணிகளைப் பொறுக்கித் தந்தாள். "எத்தனை பேருக்கு மேசை?" என்றாள். பதினொன்று என்றேன். ஏன் பொய் சொன்னேன்? பொய்யா அது?

நவம்பர் 13 - ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை வேறு யார் படிக்கப் போகிறார்கள்.

அம்மா இறந்த வருடம் தம்பி ரோலண்ட் லாரியோடு வந்து மேசையை எடுத்துப் போனான். குடும்பஸ்தன், பிள்ளைகள் இருக்கிறார்கள், அவனுக்குத்தானே போகவேண்டும்? அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த மேசையில் ஒன்பது வருடம் அம்மாவுக்கு ஊட்டிவிட்டது நான். "அக்கா, எடுத்துக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே தூக்கிவிட்டிருப்பேன். கேட்கவில்லை. அவனும் அவன் மச்சானும் கால்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நான் உள்ளே போய், மேசையை நீட்டப் போடும் மூன்று பலகைகளில் ஒன்றைத் தூக்கி என் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

"மூணாவது எங்கக்கா?" என்றான்.

"தெரியல. அம்மா சர்ச்சுக்கு இரவல் குடுத்திருப்பாங்க."

அவ்வளவுதான். பதினாலு வருடம் அது என் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அது இருந்தால் பன்னிரண்டு பேர் உட்காரலாம். அது இல்லாததால் வருடாவருடம் நான் முழங்கால் இடிக்க மடக்கு மேசையில், ஆறு வயதுப் பிள்ளைகளோடு. "அத்தைக்குப் பிள்ளைங்கன்னா உசிரு" என்று மார்லா எல்லோரிடமும் சொல்வாள். நானும் ஆமாம் ஆமாம் என்பேன். என் இடத்தை நானே ஒளித்துவைத்துவிட்டு அவர்கள் மேல் வருத்தப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இதைவிட முட்டாள்தனம் இந்த மாவட்டத்தில் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

சரி, அந்தப் பிள்ளைகள் மேல் உயிர்தான். அதுவும் உண்மை.

நவம்பர் 20 - ஞாயிறு

மான் வேட்டை தொடங்கிவிட்டது. ஊரில் ஆண்பிள்ளை வாசனையே இல்லை. ரோலண்ட் மட்டும் நேற்றே ஒன்றைச் சுட்டுவிட்டானாம், எனக்குக் கொஞ்சம் இறைச்சி கொண்டுவந்தான். ஆரஞ்சு வேட்டைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் நின்றே காபி குடித்தான்.

"ஸ்டூல் விஷயம் மார்லா சொன்னாளா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அவ பாத்துக்குவா. நான் தலையிடறதில்ல."

"எனக்கு அங்க உக்காரப் பிடிக்கல, ரோலி."

அவன் கோப்பையைப் பார்த்தான். "ஒரு நாள்தானேக்கா" என்றான்.

அப்போது சொல்லியிருக்கலாம். படுக்கையறைக் கதவு திறந்துதான் இருந்தது. இறைச்சிக்கு நன்றி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 21 - திங்கள்

போகாமலே இருந்துவிட்டால்? உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது - யார் தேடப்போகிறார்கள்?

நவம்பர் 23 - புதன்

செய்துவிட்டேன்.

பலகையைப் போர்வையில் சுற்றி வண்டியின் பின்னால் செருகி, பூசணிகளோடு கொண்டுபோனேன். ரோலண்ட் வீட்டில் யாரும் இல்லை. மேசையை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து நடுவில் பொருத்தினேன். சுளுவாக உட்கார்ந்துகொண்டது. ஆனால் நிறம்! அவர்கள் வீட்டு ஜன்னல் வெயிலில் அந்த வால்நட் மரம் பதினாலு வருடமாய் வெளுத்துத் தேன் நிறமாகிவிட்டது. என் பலகை மட்டும் காபிக் கறையாய், நடுவில் கறுப்புப் பட்டை.

அம்மாவின் வெள்ளை விரிப்பை இஸ்திரி போட்டு விரித்தேன். இத்தனை வருடம் இரண்டு முனையிலும் தரை வரை தொங்கி, அவர்கள் நாயின் காலில் சிக்கிய விரிப்பு, இன்றைக்கு அளவெடுத்துத் தைத்ததைப்போல நின்றது. நடுவில் கொடியை நீளமாக ஓடவிட்டு, இடையிடையே பூசணிகள், மஞ்சள் மெழுகுவர்த்தி, கண்ணாடிக் கிண்ணங்களில் கிரான்பெரிப் பழம். பிறகு பெயர் அட்டைகள். வருடாவருடம் பெரிய மேசைக்கு மட்டும் எழுதுவேன், மடக்கு மேசைக்கு அட்டை கிடையாது. பதினொன்றாவதாக 'வெர்னா' என்று எழுதும்போது கையெழுத்து எனக்கே அந்நியமாக இருந்தது. ரோலண்டுக்கு அடுத்து இன்னொரு நாற்காலி போட்டு, அங்கே வைத்தேன்.

மார்லா வந்தாள். நாற்காலிகளை எண்ணினாள். விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது எங்க கெடச்சுது?"

"சர்ச் நிலவறைல. கொதிகலனுக்குப் பின்னாடி."

பொய் இவ்வளவு சரளமாய் வருமென்று எனக்குத் தெரியாது. மார்லா என்னைக் கட்டிக்கொண்டாள். நான் எதிர்பார்க்கவே இல்லை. "உங்கள ஸ்டூல்ல உக்கார வைக்கணுமேன்னு எனக்கு மூணு நாளா தூக்கமில்ல வெர்னா, நம்புங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருக்கலாம். எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நவம்பர் 24 - நன்றி நாள்

இருந்த இடம் நல்ல இடம். ஜன்னல் எதிரே. எல்லோருடைய முகமும் தெரிந்தது. எல்லோரும் மேசையைப் பாராட்டினார்கள்.

சாப்பிடுவதற்கு முன் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சுற்றிச் சொல்வது வழக்கம். பிள்ளைகள் பசி தாங்கமாட்டார்கள் என்று எங்கள் மடக்கு மேசைப் பக்கம் அது வந்ததே இல்லை. அதனால் பதினாலு வருடம் என்னை யாரும் கேட்டதில்லை. "நல்ல உடம்பு, நல்ல வேலை" என்று தயாராக வைத்திருந்தேன்.

மார்லா முறை வந்தது. "தொலைஞ்ச பலகை கெடச்சு, இன்னிக்கு எல்லாரும் ஒரே மேசைல உக்காந்திருக்கோமே, அதுக்கு" என்றாள். அவள் அம்மா, "ஆண்டவரே" என்று கண்ணை மூடினாள். ரோலண்ட், மானுக்கு என்றான். பிறகு நான்.

"பலகை தொலையல. என் கட்டிலுக்கடியில இருந்துச்சு. நான்தான் ஒளிச்சு வச்சேன்."

இப்படித்தான் வந்தது வாயிலிருந்து. என் பொய்க்கு ஆண்டவரைக் கூப்பிடுகிறார்களே, எப்படி வான்கோழியை விழுங்குவது?

"எதுக்கு அத்தை?" என்றாள் ஹெய்டி.

"கேக்காம எடுத்துட்டுப் போனாங்க. அதான்."

மார்லாவின் அப்பாவுக்குக் காது கேட்காது. "என்ன சொல்றா?" என்றார். "என்ன சொன்னா அவ?" என்றார் மறுபடி. மார்லா அவர் காதருகே குனிந்து, வீடு அதிர, "மேசைப் பலகைய ஒளிச்சு வச்சிருந்தாங்களாம்ப்பா! பதினாலு வருஷமா!"

"எந்த மேசை?"

"இந்த மேசை!"

அவர் விரிப்புக்கடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்தார். "நல்ல மரம்தான்" என்றார். கிர்ஸ்டன் கட்டிக்கப்போகும் பையன் சிரித்துவிட்டான். சிரித்தது அவன் ஒருவன்தான்.

"சாப்பாடு ஆறுது" என்றான் ரோலண்ட். சாப்பிட்டோம். கிழங்கு மசியலை என்னிடம் நீட்டியபோது மார்லா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஹெய்டி மேசைக்கடியில் என் காலை லேசாக உதைத்தாள், சின்ன வயதில் செய்வதுபோல. அதற்குத்தான் அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பாத்திரம் கழுவ எழுந்தேன். "வேண்டாம், நாங்க பாத்துக்கறோம்" என்றாள் மார்லா. பதினாலு வருடத்தில் முதல் தடவை. விருந்தாளியைப் போல கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 25 - வெள்ளி

பள்ளி விடுமுறை. பஸ் இல்லை. போன் அடிக்கவில்லை. மிச்ச உணவு கட்டித் தரவில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. ரொட்டியும் முட்டையும்.

நவம்பர் 26 - சனி

சொல்லாமலே இருந்திருக்கலாமோ?

இல்லை.

டிசம்பர் 4 - ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்தால் வாசலில் ரோலண்டின் லாரி. பின்னால் பலகை, என்னுடைய அதே போர்வையில் சுற்றி.

"மார்லா குடுத்தனுப்பினாளா?"

"இல்ல. நான்தான் எடுத்துட்டு வந்தேன்."

"வேண்டாமாமா அவளுக்கு?"

பலகையை உள்ளே தூக்கிப் போனான். கட்டிலுக்கடியில் தள்ளப்போகிறான் என்று நினைத்தேன். முன்னறையில், தெற்கு ஜன்னலை ஒட்டி, மேல்பக்கம் கண்ணாடியைப் பார்க்க நிறுத்திவைத்தான். ஆடாமல் இருக்க அடியில் செய்தித்தாளை மடித்துச் செருகினான்.

"இங்கயே இருக்கட்டும். வெயில் பட்டாதான் வெளுக்கும். அடுத்த நவம்பருக்குள்ள ஓரளவு ஒத்துப்போயிடும்."

"அவ என்ன சொல்றா?"

"சமைக்கிறா. பேச மாட்டேங்குறா. கிறிஸ்துமஸுக்கு நாங்க அவங்கம்மா வீட்டுக்குப் போறோம்." தொப்பியை எடுத்தான், மாட்டினான். வாசல் வரை போனவன் நின்றான். "அன்னிக்கு நான் கேட்டிருக்கணும்க்கா" என்றான். என்னைப் பார்க்காமல், லாரியைப் பார்த்து.

லாரி கிளம்பும்வரை வாசலில் நின்றேன்.

டிசம்பர் 5 - திங்கள்

பஸ் எடுக்கும் முன் தெற்கு ஜன்னல் திரையை முழுக்க விலக்கிவிட்டுப் போனேன். நாள் முழுக்க மேகம்.