எண்ணாமல் விட்ட கை

பிரதாவல்,
மார்ச் 9

அன்புள்ள அர்மிண்டுக்கு,

லினார்ட் எழுதுகிறேன். நானும் என் கிழவி மெங்கியாவும் உயிரோடு இருக்கிறோம். அவளுக்கு மூட்டுவலி, எனக்கு வாய்தான் வியாதி. மற்றபடி வீட்டில் மாற்றம் ஒன்றுமில்லை. நீ போர்ச்சுகலில் உன் அக்கா வீட்டில் சுகமாக இருப்பதாகத் தபால்காரி உர்சினா சொன்னாள். கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு வாழ்த்து அட்டை போட்டிருக்கிறாய், எனக்குப் போடவில்லை. கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது. ஆனாலும் கோபம் வந்தது.

இந்த வருடம் பனி கொட்டித் தீர்த்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் உன் வேலைக்கு வந்திருக்கும் ஆள் பட்டணத்திலிருந்து காரில் வந்து இறங்குகிறான், அதுவும் எட்டு மணிக்கு. அதற்குள் வாசலில் முழங்கால் வரை பனி. ஆசிரியை வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். நீ காலை ஐந்து மணிக்கே பனிவண்டியை உறுமவிட்டு ஊரை எழுப்பியபோது உன்னைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். இப்போது கடையில் எல்லோரும், "அர்மிண்டு இருந்தா இப்படி ஆகுமா?" என்கிறார்கள். நீ இங்கே இருந்த முப்பத்திரண்டு வருடத்தில் ஒருவரும் இதை உன் காதுபடச் சொல்லவில்லை.

உன் மனைவி இடலினாவின் கல்லறைக்கு ஞாயிறுதோறும் போகிறேன். பனியைத் தள்ளிவிட்டு, சிவப்பு விளக்கில் மெழுகுவர்த்தி மாற்றுகிறேன். இருபத்தைந்து வருடம் முடிந்ததும் கல்லை எடுத்துவிட்டு இடத்தை இன்னொருவருக்குக் கொடுப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். அது எல்லோருக்கும் ஒரே சட்டம்தான். அந்த ஒரு விஷயத்தில் நம் ஊர் யாரிடமும் பாஸ்போர்ட் கேட்பதில்லை.

இப்போது அவசரமான விஷயம். போன வாரம் வட்டார அலுவலகத்துக்குப் போயிருந்தேன், வேறு வேலையாக. அங்கே விசாரித்தேன். வெளிநாட்டவர் ஒருவர் தொடர்ந்து ஆறு மாதம் வெளியே இருந்தால் குடியிருப்பு அட்டை தானாகவே செத்துப்போகுமாம். நீ செப்டம்பர் கடைசியில் போனாய். இந்த மார்ச் முப்பதாம் தேதியோடு சரி. அதற்குப் பிறகு நீ வந்தால் முப்பத்திரண்டு வருடமும் இல்லை என்று ஆகிவிடும், நேற்று வந்த ஆளைப் போல முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். உனக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தேதான் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று மெங்கியா சொல்கிறாள். எனக்கும் அதுதான் பயம்.

ஓய்வு பெற்ற பிறகு இங்கேயே இருந்து கோழி வளர்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நீ. கூண்டுக்குப் பலகைகூட அறுத்து வைத்தாய். அந்தப் பலகை இன்னும் என் கொட்டகையில் கிடக்கிறது. நீ ஏன் போனாய் என்று ஊர் என்னென்னவோ பேசுகிறது. அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்கிறார்கள், வெயில் தேடிப் போனான் என்கிறார்கள். காரணம் எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை.

போன ஜூன் மாத ஊர்க்கூட்டத்தைப் பற்றி இப்போதாவது எழுதியாக வேண்டும்.

அன்றும் வழக்கம்போல நீதான் பள்ளிக்கூட மண்டபத்தில் நாற்காலி போட்டாய். ஓட்டு இல்லாதவர்கள் உட்கார வேண்டிய சுவரோரப் பெஞ்சையும் நீயே இழுத்துப் போட்டு, நீயே போய் அதில் உட்கார்ந்தாய். வருடாவருடம் அப்படித்தான். எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. பட்டிருக்க வேண்டும். கை எண்ணுகிறவர்களாக உர்சினாவையும் என்னையும் தேர்ந்தெடுத்தார்கள், நீ எங்களுக்கு ஆளுக்கொரு பென்சில் சீவிக் கொடுத்தாய். அன்றைய விஷயம் உன் விஷயம்: பத்து வருடத்துக்கு மேல் ஊரில் குடியிருக்கும் வெளிநாட்டவரும் ஊர்க்கூட்டத்தில் கை தூக்கலாமா, கூடாதா.

என் தங்கை புருஷன் ரீஷ் எழுந்து பேசினான் அல்லவா? "அர்மிண்டு நல்லவன், தீயணைப்புக் குழுவுல இருக்கான், வரி கட்டுறான், யாரு இல்லேன்னு சொன்னா? ஆனா ஓட்டுங்கிறது வேற. வேணும்னா பாஸ்போர்ட் வாங்கிட்டு வரட்டுமே!" என்றான். உர்சினா விடவில்லை. "உன் தொழுவம் எரிஞ்சப்போ பதினோரு மாட்டை வெளிய ஓட்டினானே, அப்போ பாஸ்போர்ட் காட்டுன்னு கேட்டியாக்கும்?" என்றாள். மண்டபமே சிரித்தது. நீயும் சிரித்தாய். பாஸ்போர்ட்டுக்கு நீ ஒருமுறை மனுப் போட்டதும், எழுத்துத் தேர்வில் பிழை அதிகம் என்று ஊரின் குடியுரிமைக் குழு திருப்பி அனுப்பியதும் அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் குழுவில் ரீஷும் இருந்தான்.

பிறகு கை தூக்கச் சொன்னார்கள். இடது பக்க வரிசைகள் எனக்கு. வலது கையில் பென்சில், இடது கையில் சீட்டு. வரிசை வரிசையாக நடந்து எண்ணினேன். சீட்டைக் கொடுத்துவிட்டு நின்றேன். தலைவர் யாக்கென் வாசித்தார்: வேண்டும் என்பவர் நாற்பத்தொன்று, வேண்டாம் என்பவர் நாற்பத்தொன்று.

அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது, அர்மிண்டு. எண்ணுகிறவன் தன் கையையும் தூக்கி எண்ணிக்கொள்ள வேண்டும். நான் ஊரார் கையை எல்லாம் எண்ணினேன், என் கையைத் தூக்கவே இல்லை. மறந்தது சத்தியம். உனக்கு எதிராக நினைத்து மறக்கவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. யாக்கென் நிமிர்ந்து, "எண்ணிக்கையில யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டார். என்னைப் பார்த்தே கேட்டார். வாயைத் திறந்திருந்தால் நாற்பத்திரண்டு. திறக்கவில்லை. ரீஷ் இரண்டாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மாடும் என் மாடும் ஒரே மேய்ச்சலில் நிற்கின்றன, ஒவ்வொரு ஞாயிறும் அவன் வீட்டில் சாப்பாடு. இந்த ஒரு கையால்தான் ஆயிற்று என்று சாகும்வரை சொல்லிக் காட்டுவான் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நின்றேன். சமமாக வந்தால் தலைவர் முடிவு செய்ய வேண்டும், அவர் வேண்டாம் என்று முடித்துவிட்டார். மறந்தது தவறு. நினைவு வந்த பிறகு வாயை மூடிக்கொண்டது துரோகம். வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நீ எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாய். நீ பார்த்தாயா இல்லையா என்ற சந்தேகம், கூட்டம் கலைந்து நாம் இருவரும் நாற்காலி அடுக்கும்வரைதான் இருந்தது. கடைசி நாற்காலியை வைத்துவிட்டு என் முன்னால் வந்து கையை நீட்டினாய். "பென்சிலைக் குடு லினார்ட். அது பள்ளிக்கூடத்துது" என்றாய். அதற்குப் பிறகு நீ கிளம்பும்வரை மூன்று மாதம் வணக்கம் சொன்னாய், வானிலை பேசினாய். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அன்றே காலில் விழுந்திருப்பேன்.

டிசம்பர் கூட்டத்தில் நான் சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். "லினார்ட், அங்க உக்காந்தா உன் கையை எண்ண மாட்டாங்கப்பா" என்றார் யாக்கென். எல்லோரும் சிரித்தார்கள். வயதாகிவிட்டது, இடம் மாறி உட்கார்ந்துவிட்டான் என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பெஞ்சிலிருந்து பார்த்தால் கை தூக்குகிறவர்களின் முகம் எல்லாம் நன்றாகத் தெரிகிறது. முப்பத்திரண்டு வருடம் நீ பார்த்த முகங்கள்.

நேற்று யாக்கெனுக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். நடந்ததை நடந்தபடி எழுதி, என் பெயர் போட்டு, ஏப்ரல் கூட்டத்தில் உரக்க வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய எண்ணிக்கை மாறாது என்கிறார். புதிதாக மனுக் கொடுத்தால் மறுபடி கை தூக்கலாமாம். உர்சினா வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறாள், முதல் கையெழுத்து என்னுடையது. ரீஷ் இப்போது என்னிடம் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மெங்கியா கையால்தான், பரவாயில்லை.

எனக்காக வர வேண்டாம். என் முகத்தில் விழிக்காமலேயே இரு, நான் தெருவை மாற்றி நடந்துகொள்கிறேன். ஆனால் முப்பதாம் தேதிக்குள் வந்துவிடு. ரயிலடியில் இறங்கி, அலுவலகத்தில் தலையைக் காட்டிவிட்டால்கூடப் போதும். எங்கள் வீட்டு மேல் அறையை மெங்கியா சுத்தம் செய்து, மெத்தையை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறாள்.

வருவதில்லை என்று முடிவு செய்துவிட்டாயானால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். மாதா உன்னையும் உன் அக்காவையும் காப்பாற்றட்டும். அப்போது ஒரு வரி மட்டும் எழுது. நான் ஞாயிறுதோறும் போய் நிற்கிறேன். இடலினாவிடம் என்ன சொல்லட்டும்?

என்றும் உன்,
லினார்ட்