பெயர் மட்டும் மாறிய பாட்டு

ஹோதன்,

பெர்பெராவில் உன் அக்கா வீட்டு வானொலியைச் சில நாள் போடாதே.

ஒட்டக வியாபாரி வர்ஸமேயின் மகள் இறந்துவிட்டாள். "கவிஞரே, உங்க மக போனப்போ பாடுனீங்களே, அதையே எங்க பிள்ளைக்கும் பாடுங்க. என்ன கேட்டாலும் தர்றேன்" என்றார். பெயரை மாற்றினால் வரிக்கு வரி மோனை உடையும் என்று மறுத்தேன்.

"அவ பேரு ஸகல்" என்று அழுதார்.

நம் ஸஹ்ராவுக்கும் அதே முதலெழுத்துதான்.

வீட்டில் மாவில்லாமல்தானே நீ போனாய். பாடிவிட்டேன். வானொலியிலும் போட்டார்கள். ஹர்கேசா நகரம் முழுக்க அழுதது.

இன்று தேநீர்க்கடையில் ஒருவன் அதைப் பாடிக்கொண்டிருந்தான். கூடவே நானும் நம் பிள்ளையின் பெயர் சொல்லிப் பாடினேன்.

"தப்பாப் பாடுறீங்க, பெரியவரே" என்று திருத்தினான்.

இப்போது வீட்டில் மாவு இருக்கிறது. வர மனமிருந்தால் வா.

அவளுடைய அப்பா